ஒற்றை இழைக்குத் துணை வரைந்தவன்

தென்காசியில் ரயிலடிக்குப் போகிற ரோட்டில் 'அய்யாக்குட்டி ஆர்ட்ஸ்' என்று ஒரு பலகை தொங்கும். ஊரிலேயே மோசமாக எழுதப்பட்ட பலகை அதுதான். மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்து மிச்சம் விழுந்த பெயிண்டில் எழுதியது. பாதி எழுத்து பச்சை, பச்சை தீர்ந்துபோன இடத்திலிருந்து நீலம். பதினெட்டு வருஷமாக அதை மாற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த அய்யாக்குட்டி நான்தான்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பிலும் மூன்று நாள் போய் உட்கார்ந்திருந்தேன். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இங்கிலீஷ் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் தென்காசியிலும் குற்றாலத்திலும் உள்ள பாதி லாட்ஜுக்கும் மருந்துக்கடைக்கும் இங்கிலீஷில் போர்டு எழுதியவன் நான். துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். அதை மயில், யானை மாதிரி ஓர் உருவமாகப் பார்த்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கி வரைந்துவிடுவேன். வாசிக்கத் தெரிந்தவன்தான் நடுவில் தன் புத்தியை நுழைப்பான். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறவன் என்று ஊரில் பெயர். நாற்பத்து நாலு வயது வரைக்கும் நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரே படம் பல இடத்தில் வேண்டும் என்றால் அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. படத்தை முதலில் ஒரு தாளில் வரைந்து, கோடு போகிற வழியெல்லாம் ஊசியால் குத்திக்கொண்டே போக வேண்டும். அந்த ஊசித்தாளைச் சுவரிலோ துணியிலோ ஒட்டவைத்து, கரித்தூள் கட்டிய துணிப்பொட்டலத்தால் தட்டினால், ஓட்டை வழியாகத் தூள் இறங்கிப் புள்ளி புள்ளியாகப் படம் விழும். புள்ளியைப் பிடித்து வரைய வேண்டியதுதான். ஊசித்தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் ஆயிரம் தடவை தட்டலாம்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் சாரல் சமயத்தில், அருவிக்கு வழி காட்டுகிற கைப்படம் ஆறு பலகையில் எழுதக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ்காரர் சொன்னார். ஊசித்தாள் செய்து ஆறையும் ஒரே நாளில் முடித்தேன். தாளைத் திருப்பிப் போட்டுத் தட்டியிருக்கிறேன் என்பது, மதராஸிலிருந்து வந்த ஒரு குடும்பம் உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு தென்காசி ரோட்டில் மூன்று மைல் நடந்து வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டுப் பெரியவர் என் கடை வாசலில் நின்று, அருவி எங்கே என்று என்னிடமே கேட்டார். நான் எதிர்ப்பக்கம் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பக்கத்துக் கடை துல்கர்னைனுக்கு அன்றிலிருந்து அது போதுமாக இருந்தது. அவன் மெத்தை, தலையணை தைக்கிறவன். எனக்குப் பெரிய படத்துக்குக் காடாத் துணியை ஒட்டுத் தைத்துக் கொடுப்பதும் அவன்தான். நான் கடைக்கு வருகிறபோதெல்லாம், எந்தப் பக்கம் போகப் போகிறீர் என்று கேட்பான். பன்னிரண்டு வருஷம் கேட்டான்.

அறுபத்தேழாம் வருஷம் ஆனி மாதம், இலஞ்சிப் பக்கம் இருந்த ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து ஆள் வந்தது. கல்லூரியின் பெயர் இங்கே எதற்கு? அறிவியல் கண்காட்சி வைக்கிறார்கள், எட்டுப் பெரிய படம் வேண்டும், வந்து டீச்சரைப் பாருங்கள் என்று தகவல். நான் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். கல்லூரி என்றால் எனக்கு அப்படி ஒரு மரியாதை. பெயிண்டர் என்று தெரியாமல் யாராவது வாத்தியார் என்று நினைத்துவிட மாட்டார்களா என்கிற ஆசையும் கொஞ்சம் உண்டு.

டீச்சர் பெயர் குழல்வாய்மொழி. ஆய்க்குடிக்காரப் பெண். வயது இருபத்தாறு இருக்கும். மதராஸில் போய் உயிரியல் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, இங்கே வந்து ஒரு வருஷமாகத் தற்காலிக வேலையில் இருந்தது. உயிரியல் வகுப்பை வைத்துக்கொள்வதா, செலவு ஜாஸ்தி என்று எடுத்துவிடுவதா என்று கல்லூரிச் செயலாளருக்கு யோசனை. கண்காட்சியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். வெளியூரிலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் திறந்துவைக்க வருகிறார். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு. தவளையும் இதயமும் வரைந்து வையுங்கள், பார்க்கிறவர்களுக்கு விளங்கும் என்று செயலாளர் சொன்னாராம். இந்தப் பெண் கேட்கவில்லை. பத்து வருஷத்துக்குள் கண்டுபிடித்த புது விஷயத்தைத்தான் வைப்பேன் என்று நின்றிருக்கிறது.

"இது சரியா அமைஞ்சாத்தான் அண்ணாச்சி அடுத்த வருஷம் நான் இங்கன இருப்பேன். இல்லைன்னா ஆய்க்குடியில போயி வீட்டுக்குள்ள உக்கார வேண்டியதுதான்" என்றது. சிரித்துக்கொண்டேதான் சொன்னது. ஆனாலும் சிரிப்பு கண் வரைக்கும் வரவில்லை.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, எட்டுப் படத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கியது. அது சொன்னது, பிறகு திரும்பத் திரும்பக் கேட்டதில், எனக்கு இன்றைக்கு நன்றாகத் தெரியும். நம் உடம்பு கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொன்றுக்குள்ளும் உட்கரு என்று ஓர் அறை. அந்த அறைக்குள் முறுக்கிய இரட்டை இழையாக டி.என்.ஏ. இருக்கிறது. உடம்பு என்னென்ன செய்ய வேண்டும் என்கிற சேதியெல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது. ஆனால் அது அறையை விட்டு வெளியே வராது. அதனால் ஒரு நொதி அதன்மேல் ஏறி, இரண்டு இழையையும் கொஞ்ச தூரத்துக்கு விலக்கி, ஓர் இழையைப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டே நகரும். அது கடந்துபோன இடத்தில் இரண்டும் பழையபடி சேர்ந்துகொள்ளும். அந்த நகலுக்குத்தான் ஆர்.என்.ஏ. என்று பெயர். நகல் முதலில் நீளமாக வரும். அறைக்குள்ளேயே அதை வெட்டி, வேண்டாத துண்டுகளைக் கரைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் உட்கரு வெளியே அனுப்புகிறது. வெளியே அதைக்கொண்டு புரதம் உண்டாக்கப்படுகிறது. நகல் ஒற்றை இழைதான். சேதி இழையின் உள்பக்கத்தில் இருக்கிறது. இரண்டு இழை சேர்ந்து நின்றால் உள்பக்கம் மூடிக்கொள்ளும், வெளியே யாரும் அதை வாசிக்க முடியாது.

இவ்வளவையும் அந்தப் பெண் முக்கால் மணி நேரம் பொறுமையாகச் சொன்னது. நான் முதல் பத்து நிமிஷம் கேட்டேன். அதற்கப்புறம் அலமாரியில் ஒரு கண்ணாடிச் சாடிக்குள் இருந்த பாம்பு என் கண்ணில் பட்டுவிட்டது. போன மாதம்தான் ஒரு வைத்தியசாலைச் சுவரில் கட்டுவிரியன் எழுதிக் கொடுத்திருந்தேன். சாடிப் பாம்பின் வளையங்களைப் பார்த்தால் நான் போட்ட வளையம் எல்லாமே தப்பு. அதை எப்படித் திருத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பேச்சு நின்றது.

"புரிஞ்சுதா அண்ணாச்சி?"

"நல்லா வெளங்கிட்டு டீச்சரம்மா. நகல் எடுக்கது நம்ம தொழில்தானே."

ஒரு வாரத்தில் தருகிறேன் என்று நோட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டாம் தடவை கேட்டிருந்தால் அந்தப் பெண் சந்தோஷமாகச் சொல்லியிருக்கும். ஆனால் கேட்டால், விளங்கவில்லை என்று ஆகிவிடும். விளங்கவில்லை என்றால் ஐந்தாம் வகுப்பு என்று ஆகிவிடும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனது வீணாகிவிடும்.

துல்கர்னைன் எட்டுச் சட்டத்துக்கும் துணி தைத்து இழுத்துக் கட்டிக் கொடுத்தான். வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி வெள்ளைப்பொடி கலந்து அடிப்பூச்சு பூசி, அடுப்பு மூட்டிக் காயவைத்தேன். அதுவரைக்கும் சரி. எனாமல் பெயிண்டைத் தொட்ட அன்றைக்குச் சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்து அருவியில் தண்ணீர் விழுந்தால் ஊரெல்லாம் கொண்டாட்டம். பெயிண்டர் ஒருவன்தான் வானத்தைப் பார்த்துத் திட்டுவான். மற்ற நாளில் ஒரு ராத்திரியில் காய்கிற பெயிண்ட், சாரல் காற்றில் நாலு நாள் ஆனாலும் விரலில் ஒட்டும். கொட்டகைக்குள் கரியடுப்பு வைத்துப் பார்த்தேன். படம் காயவில்லை. என் வேட்டிதான் ஓரத்தில் பொசுங்கியது.

ஆனால் வேலை நன்றாக வந்தது என்று நானே சொல்லிக்கொள்ள வேண்டும். டி.என்.ஏ.வுக்கு நீலம். நொதிக்கு மஞ்சள், கொழுக்கட்டை மாதிரி. நகல் இழைக்கு நல்ல சிவப்பு. எட்டுப் படத்தில் ஐந்தில் அந்தச் சிவப்பு இழை வருகிறது. ஒரே வளைவு என்பதால் ஊசித்தாள் ஒன்று செய்து ஐந்துக்கும் தட்டினேன். அன்றோடு கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திராது.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முந்தி, மத்தியானம் சோறு கொண்டுவந்த என் மனைவி பேராச்சி, தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஐந்தாவது படத்துக்கு முன்னால் நின்றாள்.

"நீலம் ரெண்டு கயிறு போட்டிருக்கு. செவப்பு மட்டும் ஏன் அந்துபோன மாதிரி ஒத்தையாத் தொங்குது?"

நானும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அவள் சொல்வது சரியாகப் பட்டது. வருஷா வருஷம் தேரோட்டத்துக்கு விளம்பரத் தட்டி எழுதுகிறவன் நான். தேரை எழுதினால் முன்னால் இரண்டு வடம் எழுத வேண்டும். ஒரு வருஷம் இடம் போதாமல் ஒரு வடத்தை விட்டுவிட்டு, அபசகுனம் என்று கோயில்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒற்றை வடத்தில் தேர் எப்படி நகரும்? இங்கேயும் அதுதான் என்று என் மண்டையில் உறுதியாகிவிட்டது. இரண்டு இழையைப் பார்த்து எடுக்கிற நகல் எப்படி ஓர் இழையாக இருக்கும்? சின்னப் பிள்ளை, நோட்டில் அவசரமாக வரையும்போது இரண்டாவதை விட்டிருக்கிறது. அதற்கு வேலை நிலைக்க வேண்டிய நேரம். இப்படிக் குறையோடு போய் நின்றால் அந்தப் பேராசிரியர் என்ன நினைப்பார்?

துல்கர்னைனிடம் சொன்னேன். அவன் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, "வேய், பஸ்ஸுல ஏறுனா கால் மணி நேரம். டீச்சர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் போடுமே" என்றான். கேட்கிற ஆளா நான்? அன்றைக்கு விளங்கிட்டு என்று சொன்னவன், இன்றைக்குப் போய் எத்தனை இழை என்று எப்படிக் கேட்பேன்? மெத்தை தைக்கிறவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது என்று அவனிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பழைய ஊசித்தாளிலேயே, முதல் இழையோடு முறுக்கிக்கொண்டு போகிற மாதிரி இரண்டாவது இழைக்கும் ஓட்டை குத்தினேன். ஐந்து படத்திலும் தட்டினேன். அதே சிவப்பில் எழுதி முடித்தேன். தேர்வடம் மாதிரி முறுக்கேறி, கண்ணுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. ஒரு பெண்பிள்ளையின் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டோம் என்கிற எண்ணத்தில் அன்றைக்கு இரண்டு உருண்டை சோறு கூடவே சாப்பிட்டேன்.

கண்காட்சி அன்று விடிந்ததும் எட்டையும் மாட்டுவண்டியில் ஏற்றினேன். படத்துக்குப் படம் நடுவில் கட்டை வைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிறுத்தி, மேலே தார்ப்பாய் கட்டினோம். துல்கர்னைனும், ஒட்டு விட்டால் தைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு, ஒரு பை நிறையத் துண்டுத்துணியோடு கூட வந்தான். வழியில் ஒரு குலுக்கலில் படத்தைப் பிடித்தேன். கட்டைவிரல் சிவப்பாகிவிட்டது. இரண்டாவது இழை இன்னும் ஈரமாகவே இருந்தது. யாரும் தொட்டுவிடக் கூடாதே என்று வழியெல்லாம் சாரலைச் சபித்துக்கொண்டே போனேன்.

எட்டரை மணிக்குக் கல்லூரி மண்டபத்தில் படங்களைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தோம். பேராசிரியர் பதினொரு மணிக்கு வருகிறார். மாணவிகள் ஏழெட்டுப் பேர் ஓடி வந்து பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னது. குழல்வாய்மொழி டீச்சர் பின்னாலேயே வந்தது. முதல் மூன்று படத்தையும் பார்த்துச் சிரித்தது. நாலாவதில் நின்றது. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று கடைசி வரைக்கும் மெதுவாக நடந்து போய்விட்டு, திரும்பி நாலாவதுக்கே வந்தது.

"அண்ணாச்சி, இது என்ன?"

பாராட்டுக்கு முன்னால் கேட்கிற கேள்வி என்று நினைத்தேன். "நோட்டுல ஒத்தையா விட்டிருந்தீய. அவசரத்துல விட்டுப்போச்சோன்னு நானே ரெண்டாக்கிட்டேன்" என்றேன்.

டீச்சர் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தது.   டீச்சர் கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். கத்துவதற்குப் படிப்பு வேண்டாம். அந்தப் பெண் மெதுவான குரலில், நகல் ஒற்றையாக இருப்பதுதான் விஷயமே என்றது. இரட்டை இழையிலிருந்து ஒற்றை இழை பிரிந்து வருவதைக் காட்டத்தான் இந்த ஐந்து படமும். இதைப் பார்த்தால் மூலம் எது, நகல் எது என்றே தெரியாது. இந்த டீச்சருக்கே பாடம் தெரியவில்லை என்றுதான் பேராசிரியர் நினைப்பார். தவளை போதும் என்று சொன்ன செயலாளர் பக்கத்திலேயே நிற்பார்.

பழி ஊசித்தாள்மேல் போகட்டும் என்று பையிலிருந்து அதை எடுத்து நீட்டினேன். டீச்சர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தது. இரண்டு வரிசை ஓட்டை வழியாகவும் வெளிச்சம் தெரிந்தது.

"ஒரு நகல்ல தப்பு வந்தா அந்த ஒண்ணோட போயிரும். நீங்க மூலத்துலயே கை வச்சிட்டீய. அதான் அஞ்சுலயும் ஒரே தப்பு" என்றது. தாளைப் பார்த்துக்கொண்டே, "புரியலைன்னா அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா" என்றது.

என் முப்பது வருஷத் தொழிலில் எத்தனையோ பேர் என்னை எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை.

"நான் அஞ்சாங்கிளாசும்மா" என்றேன். "நீங்க சொன்னதுல எனக்கு ஒண்ணும் வெளங்கலை. வெளங்குன மாதிரித் தலையாட்டிட்டு வந்துட்டேன்."

மாணவிகள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். வெள்ளைச் சட்டையைத்தான் அன்றைக்கும் போட்டிருந்தேன். துல்கர்னைன் ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேய், கட்டவெரல்ல என்ன செவப்பு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காயவில்லை. முதல் இழை எழுதி ஆறு நாள். தொட்டால் லேசாக ஒட்டும், அவ்வளவுதான். இரண்டாவது எழுதி இரண்டே நாள், அது அப்படியே ஈரம். அடிப்பூச்சு வஜ்ஜிரம், மண்ணெண்ணெய்க்கு அசையாது. ஒரு வாரமாக நான் திட்டிய சாரல் அந்த ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. இரண்டாவது இழையை மட்டும் மண்ணெண்ணெயால் துடைத்துவிடலாம் என்று டீச்சரிடம் சொன்னேன். அது எழுந்து, ஆய்வுக்கூடத்து ஸ்டவ்விலிருந்த மண்ணெண்ணெயைக் கொண்டுவரச் சொன்னது.

துடைப்பது லேசாக இருந்திருக்கும், நான் மட்டும் அவ்வளவு அழகாக முறுக்காமல் இருந்திருந்தால். அங்குலத்துக்கு ஒரு தடவை ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கியது. துல்கர்னைன் துண்டுத்துணியைத் தீக்குச்சி அகலத்துக்குக் கிழித்துக் கொடுத்தான். அதைத் தூரிகைக் காம்பில் சுற்றி, மண்ணெண்ணெயில் தொட்டுப் பிழிந்து, முதல் இழையைத் தொடாமல் இரண்டாவதை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு துடைப்புக்கு ஒரு துணி. அழுக்குத் துணியை மறுபடி வைத்தால் சிவப்பு பரவும். மாணவிகள் வரிசையாக நின்று துணி சுற்றிச் சுற்றிக் கொடுத்தார்கள். இரண்டும் ஏறி இறங்குகிற இடத்தில் எந்த இழையை விடுவது, எந்த இழையை எடுப்பது என்று எனக்கே குழம்பியது. டீச்சர் பக்கத்தில் நின்று, "அதை விட்டிருங்க, இதை எடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தது.

சொல்லிக்கொண்டே, அன்றைக்குச் சொன்ன பாடத்தை முதலிலிருந்து ஒரு தடவை திருப்பிச் சொன்னது. எனக்காகவா, பேராசிரியர் முன்னால் பேசுவதற்கு ஒத்திகையாகவா, தெரியாது. இந்தத் தடவை பாம்புச் சாடி இல்லை. ஒவ்வொரு இழையும் என் கைக்குக் கீழே இருந்தது. இந்த இழை ஏன் இருக்க வேண்டும், இது ஏன் இருக்கக் கூடாது என்று தெரியாமல் துடைக்கவே முடியாது. புரியவில்லை என்று மூன்று தடவை சொன்னேன். முதல் தடவை சொல்வதுதான் கஷ்டம். மூன்றாவது தடவை சொல்கிறபோது எனக்கு அது பிடித்தே போய்விட்டது.

பதினொன்றாகும்போது நாலு படம் முடிந்திருந்தது. துடைத்த இடத்தில் லேசான ரோஸ் நிறம் தங்கியிருந்தாலும் இழை ஒற்றையாகத் தெளிவாகத் தெரிந்தது. மிச்சமிருந்தது ஏழாவது படம். அதில்தான் நீள நகலை வெட்டித் துண்டுகளைக் கழிப்பது வருகிறது. அதில் பாதி துடைத்திருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. டீச்சர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓடியது. நான் ஸ்டூலைவிட்டு இறங்கி மறைந்துகொள்ள இடம் பார்த்தேன். இல்லை.

பேராசிரியர் ஒல்லியான மனிதர், கதர் கோட்டு. டீச்சர் ஒவ்வொரு படமாகச் சொல்லிக்கொண்டு வந்தது. குரலில் நடுக்கம் இல்லை. அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். நான் ஆட்டியது மாதிரியான தலையாட்டல் இல்லை, நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கிற தலையாட்டல். ஏழாவதில் நின்றார். பாதி இரட்டை, பாதி ஒற்றை. முன்னால் கையில் சிவப்புத் துணியோடு, மண்ணெண்ணெய் வாடையோடு நான்.

இது என்ன என்று கேட்டார். செயலாளரும் எட்டிப் பார்த்தார். டீச்சர் வாயைத் திறந்தது. அது பொய் சொல்லாது. உண்மையைச் சொன்னால், படத்தை முன்னாலேயே வந்து பார்க்கவில்லை என்று அதன் பக்கம்தான் குறை விழும். நான் முந்திக்கொண்டேன்.

"தப்பு என்னோடதுய்யா. டீச்சர் ஒத்தையாத்தான் குடுத்தாங்க. எனக்குத் தேர்வடத்துப் புத்தி, ரெண்டாக்கிட்டேன். ரெண்டு கதவையும் சாத்திட்டா உள்ள எழுதியிருக்கதை வெளிய இருக்கவன் எப்படி வாசிப்பான்? அதான் தொடைக்கேன்."

பேராசிரியர் என்னை ஒரு தடவை பார்த்தார், டீச்சரை ஒரு தடவை பார்த்தார். இது யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். டீச்சர்தான், இன்றைக்குக் காலையில், இதே இடத்தில் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து கேட்டுப் பழகிய வாய்.

"ஒரு சந்தேகம்யா. வேணுங்கதை மட்டும் எழுதினாப் போதாதா? எதுக்கு அம்புட்டு நீளமா எழுதி, பொறவு வெட்டிப் போடணும்?"

செயலாளர் என் சட்டையைப் பார்த்தார்.  பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது இன்னும் யாருக்கும் தெரியாதுப்பா" என்றார். "உலகத்திலேயே யாருக்கும் தெரியாது."

அதற்கப்புறம் அவர் அந்தப் படத்தைவிட்டு நகரவில்லை. டீச்சரும் அவரும் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்கள். அது எனக்கு யானை, மயில் கணக்குதான். கால் மணி, அரை மணி ஆயிற்று. நான் நைசாக ஸ்டூலில் ஏறி மிச்சத்தைத் துடைக்கப் போனேன். அவர் பேச்சை நிறுத்தாமலே கையைக் காட்டி, வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். செயலாளர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை பார்க்காமல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போடச் சொன்னார்.

வெளியே வந்து மாட்டுவண்டி ஓரத்தில் உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்பில் மூன்றாம் நாள் எழுந்து வந்ததிலிருந்து, படித்தவர்கள் நடுவில் என் உயரம் குறைவு என்கிற நினைப்பில்லாமல் நான் நின்றதில்லை. அன்றைக்கு ஒரு விஷயத்தில் அந்தக் கதர் கோட்டுக்காரருக்கும் எனக்கும் சரிசமம். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதைத் துல்கர்னைனிடம் சொன்னேன். ஆனால் அவருக்குத் தெரியாதது அது ஒன்றுதான், உமக்கு மற்றதும் தெரியாது என்றான்.

டீச்சருக்கு ஆவணி மாதம் நிரந்தர வேலைக்கு உத்தரவு வந்தது. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு என் கடைக்கே வந்து சொன்னது. அதுதான் எனக்குப் பெரிய விஷயம். பேராச்சிக்குப் பூ வாங்கி வந்திருந்தது. ஒற்றையாகத் தொங்குகிறது என்று முதலில் சொன்னது பேராச்சிதான் என்று நான் காட்டிக்கொடுத்துப் பார்த்தேன். கேட்ட கேள்வி நல்ல கேள்விதானே, பதிலைத்தானே நீங்கள் தப்பாக எழுதினீர்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டது. பேராச்சி இன்றுவரைக்கும் அதை மறக்கவில்லை, என்னையும் மறக்க விடவில்லை.

அந்த ஏழாவது படம் பாதி துடைத்தபடியே டீச்சருடைய வகுப்பில் தொங்குகிறது. புதிதாகச் சேருகிற பிள்ளைகள் அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டால், தென்காசியில் போய் அய்யாக்குட்டி அண்ணாச்சியிடமே கேளுங்கள் என்று சொல்கிறதாம். போன மாதம் இரண்டு பெண்கள் நிஜமாகவே வந்துவிட்டார்கள். ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லி, சோடா வாங்கிக் கொடுத்து, ஒரு தாளில் கோடு வரைந்து விளக்க ஆரம்பித்தேன். நொதி ஏறியது. இழை விலகியது. நகல் வந்தது. வெட்டிய துண்டு எங்கே போகிறது என்று ஒரு பிள்ளை கேட்டது. யோசித்துப் பார்த்தேன். மறந்துபோயிருந்தது.

"தெரியலைம்மா" என்றேன். "நாளைக்கு வாங்க. கேட்டுச் சொல்லுதேன்."

துல்கர்னைன் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, எந்தப் பஸ்ஸில் போகப் போகிறீர், இந்தப் பக்கம் போகிறதிலா அந்தப் பக்கம் போகிறதிலா என்று கேட்டான். நான் கடைக்கதவைச் சாத்திவிட்டு, இலஞ்சி பஸ்ஸில் ஏறினேன்.